நவம்பரில் அந்தப் பக்கம் பார்த்தவர்கள்

சிந்துஜாவுக்கு ஆறு மாதம் பிரசவ விடுப்பு அனுமதியாகியிருந்தது. இருபத்தாறே நாளில், டிசம்பர் ஐந்தாம் தேதி, அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்கப்புறம் வீட்டில் இருப்பதற்கு ஒரு காரணமும் அவளுக்குத் தெரியவில்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டைக்கு ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். இரண்டு நாள் கொட்டிய மழை அன்று விட்டிருந்தது. கல்லூரி வாசலில் காவலாளி தேவதாஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "வாம்மா" என்றார். வழக்கமாக அவர் எழுந்திருக்க மாட்டார். செய்தி இவருக்கும் வந்திருக்கிறது என்று புரிந்தது.

இயற்பியல் துறையின் மாடியில், கடைசி அறை. மூன்று கணினி, ஒரு ஏசி, சுவரை ஒட்டி ஒரு நீள மேசை. ஆராய்ச்சி மாணவி அரீபா மட்டும் இருந்தாள். சிந்துஜாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அக்கா, வந்துட்டீங்களா? சார் பிப்ரவரி வரைக்கும் வர வேணாம்னு சொன்னாரே."

"வீட்ல இருந்து என்னா பண்றது."

அரீபா சிந்துஜாவின் மேசைமேல் வைத்திருந்த தன் புத்தகங்களை அவசர அவசரமாக எடுத்துக்கொண்டாள். சிந்துஜா கணினியைப் போட்டாள். கடவுச்சொல்லை மறந்திருப்போமோ என்று நினைத்தாள். விரல்கள் மறக்கவில்லை.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அப்பா கோவிந்தராசு, மில் மூடும்வரை மில்லில் இருந்தவர். அதன்பின் நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் மூட்டை இறக்கி, ஒரே மகளை எம்.எஸ்சி. இயற்பியல்வரை படிக்கவைத்தார். படித்து முடித்து இரண்டு பள்ளிகளில் பாடம் நடத்தினாள். பிறகுதான் இந்த வேலை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் திட்ட உதவியாளர் பதவி. உறவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல வானத்துப் படம் பாக்கறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். கேட்டவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

உண்மையிலும் அதுதான் வேலை. வடக்கே பனிமலை ஒன்றின்மேல் ஒரு தொலைநோக்கி, வானம் தெளிந்த ஒவ்வோர் இரவும் ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலத்தைப் படம் எடுக்கும். காலையில் படங்கள் இங்கே வந்து சேரும். ஆண்ட்ரோமீடா இருக்கும் தூரத்துக்கு அதன் விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஞாயிறு சந்தை அன்று காந்தி வீதியை மொட்டைமாடியிலிருந்து பார்ப்பது போலத்தான். கூட்டம் தெரியும், ஆள் தெரியாது. படத்தின் ஒரு சின்னப் புள்ளிக்குள் நூற்றுக்கணக்கான விண்மீன்கள் அடைந்துகிடக்கும். அதனால் புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கணினி கழிக்கும். மாறாதது எல்லாம் மறைந்துபோய், வெளிச்சம் கூடியதோ குறைந்ததோ மட்டும் புள்ளியாக மிஞ்சும்.

அப்படி மிஞ்சுகிற புள்ளிகளில் பெரும்பாலானவை குப்பை. கருவியின் பழுது இருக்கும். தாமாகவே கூடிக் குறையும் மாறொளி விண்மீன்கள் இருக்கும். திடீரென வெடித்து மங்கும் நோவாக்கள் இருக்கும். இவர்கள் தேடுவது வேறு. இருண்ட பொருள் ஏதோ ஒன்று, கண்ணுக்குத் தெரியாதது, தொலைவில் இருக்கும் ஒரு விண்மீனுக்கு நேர் குறுக்கே கடந்தால், அதன் ஈர்ப்பு அந்த வெளிச்சத்தை வளைத்துக் குவிக்கும். பின்னாலிருக்கும் விண்மீன் சில நாள் பிரகாசமாகி, ஏறிய அதே சீரில் இறங்கி, பழையபடி ஆகிவிடும். தொலைநோக்கியில் மாட்டும் சிவப்பு வடிகட்டியிலும் நீல வடிகட்டியிலும் ஒரே மாதிரி ஏறி இறங்க வேண்டும். முக்கியமாக, ஒரே ஒரு தடவைதான் நடக்கும். அந்த விண்மீனுக்கு அது மறுபடி நடக்காது. அந்த அறையில் அதற்கு 'லென்ஸ்' என்று பெயர்.

இரண்டரை வருடத்தில் சிந்துஜா பல ஆயிரம் ஒளி வரைபடங்களைப் பார்த்திருந்தாள். மூன்று முறை லென்ஸ் என்று நம்பினார்கள். மூன்றும் பிறகு மாறொளி விண்மீன்களாகப் போயின.

விடுப்பில் இருந்த நாட்களில் கணினி ஒதுக்கிவைத்திருந்தவை ஆயிரத்துச் சொச்சம் சேர்ந்திருந்தன. "எனக்குப் பரீட்சை இருந்துச்சுக்கா. சாரும் ஊர்ல இல்ல. கரண்ட் வேற நாலு நாள் போச்சு," என்றாள் அரீபா. "பரவால்ல," என்று சிந்துஜா முதல் வரைபடத்தைத் திறந்தாள். பழுது. அடுத்தது. மாறொளி. அடுத்தது.

இதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நவம்பர் எட்டாம் தேதி மாலை வயிற்றில் அசைவு தெரியவில்லை. தண்ணீர் குடித்து இடப்பக்கம் படுத்துப் பார்த்தாள். இரவு ஏழரைக்குக் கணவன் சிலம்பரசன் சேதராப்பட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேன் எடுத்த மருத்துவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டபோதே சிந்துஜாவுக்குத் தெரிந்துவிட்டது. திரையைப் பார்த்து வேலை செய்கிறவள் அவள். மறுநாள் பகல் பதினொன்றரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அறையில் சத்தம் இல்லை. தாதி, "பாக்கறியாம்மா?" என்று கேட்டாள். மாமியார் கொளஞ்சி குறுக்கே வந்து, "வேணாம்மா, பாத்தா மனசுல நின்னுடும்," என்றாள். சிந்துஜா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தையைச் சிலம்பரசனும் அவன் மாமா இராமதாசும் எடுத்துப்போனார்கள். சாயங்காலம் சிலம்பரசன் தலையில் ஈரத்தோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். எங்கே, எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. கொளஞ்சி மல்லிகைச் சரம் வாங்கி வந்து, பால் வற்ற மார்மேல் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். மழைக்காலத்தில் மல்லிகை கிடைப்பது கடினம். கொளஞ்சி மூன்று கடை அலைந்தாளாம். காய்ந்த சரத்தை எடுத்துவிட்டுப் புதுச் சரம் வைக்கும்போது கொளஞ்சியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. சிந்துஜா அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மழை எப்போது விடும் என்று யோசித்தாள். பார்க்க வந்த பெண்கள், "அழுதுடும்மா, உள்ள வச்சுக்காத," என்றார்கள். "சின்ன வயசுதான, அடுத்தது பொறக்கும்," என்றார்கள். எல்லாருக்கும் அவள் தலையாட்டினாள். யாரோ அவளை மெத்தையில் சுற்றி வைத்துவிட்டதுபோல, எல்லாச் சத்தமும் தூரத்திலிருந்து வந்தது.

வேலைக்கு வந்த நான்காம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு வரைபடத்தைத் திறந்தாள். நவம்பர் மூன்றாம் தேதி வெளிச்சம் ஏறத் தொடங்கியிருந்தது. முதலில் மெதுவாக, பிறகு செங்குத்தாக. இருபத்தைந்தாம் தேதி தரையைத் தொட்டிருந்தது. இறங்கிய விதம் ஏறிய விதத்தின் மறுபாதி. நீல வடிகட்டியைப் போட்டாள். அதிலும் அதே வடிவம்.

நெஞ்சு படபடக்க வேண்டிய இடம் அது. அவள் தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து, "அரீபா, இத ஒரு தடவ பாரு," என்றாள்.

அரீபா பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டாள். "அக்கா! லென்ஸ்!"

"இன்னும் தெரியாது."

திட்டத்தின் தலைவர் பேராசிரியர் வினோத்குமார் கீழிருந்து படியேறி ஓடிவந்தார். கெட்டவர் அல்ல, வாய் முந்திக்கொள்ளும் சுபாவம். திரையின்முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"முடிஞ்சு போயிருக்கேம்மா. ஏறும்போதே சொல்லியிருந்தா உலகத்துல இருக்கற அத்தன டெலஸ்கோப்பும் திரும்பியிருக்கும். நீ மட்டும் இருந்திருந்தா அன்னிக்கே புடிச்சிருப்ப."

அரீபா தரையைப் பார்த்தாள். தான் சொன்னது என்னவென்று வினோத்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. "அய்யோ, நான் அந்த அர்த்தத்துல..." என்று தடுமாறினார்.

"ஆமா சார். புடிச்சிருப்பேன்," என்றாள் சிந்துஜா. அவளுக்கு வலிக்கவில்லை. அவர் சொன்னது சரிதானே என்று மட்டும் இருந்தது.

அடுத்த ஒன்பது நாளும் அந்த ஒரு புள்ளியோடுதான் போயிற்று. அதே இடத்தில் முன்பு எப்போதாவது வெளிச்சம் கூடியிருக்கிறதா என்று ஏழு வருடத்துப் படங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். ஒருமுறை கூடியிருந்தாலும் இது லென்ஸ் இல்லை. கூடவில்லை. ஏழு வருடம் அந்த இடம் சும்மா கிடந்தது. நவம்பரில் இருபத்திரண்டு நாள் எரிந்தது. மறுபடி சும்மா கிடக்கிறது.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நவம்பர் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து மூன்று இரவும் மலையில் பனிப்பொழிவு. தொலைநோக்கியைத் திறக்கவே இல்லை. உச்சி அந்த மூன்று நாளுக்குள்தான் இருந்தது.

"உச்சி இல்லாம ஜர்னலுக்கு அனுப்புனா, வேற ஏதோ வெடிச்சிருக்குன்னு சொல்லித் திருப்பிடுவாங்க," என்றார் வினோத்குமார். "அந்த மூணு நாளும் யாரும் பாக்கல. என்னா பண்றது, விடு."

"யாருமே பாக்கலன்னு நமக்குத் தெரியாதே சார்," என்றாள் சிந்துஜா.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திரும்பி வந்ததிலிருந்து அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அன்றைக்கே எழுத ஆரம்பித்தாள். ஆய்வகங்கள், பல்கலைக்கழகங்கள், வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு நோவா தேடும் சாதாரண மனிதர்கள் என்று தேடித் தேடி நாற்பத்தொரு முகவரிகள் சேர்த்தாள். எல்லாருக்கும் ஒரே கடிதம்தான். நவம்பர் பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குள் நீங்கள் ஆண்ட்ரோமீடாவைப் பார்த்தீர்களா? எதற்காகப் பார்த்திருந்தாலும் சரி, படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி, எங்களுக்கு அனுப்புங்கள்.

பாதிப் பேர் பதிலே போடவில்லை. மேகம் என்றார்கள் சிலர். கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது என்றார்கள். ஒருவர், நீங்கள் யார், எந்தத் தகுதியில் கேட்கிறீர்கள் என்று எழுதியிருந்தார். பன்னிரண்டாம் நாள், ஸ்பெயினில் ஒரு சிற்றூரிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பதினான்காம் தேதி நோவா தேடி மூன்று படம் எடுத்ததாகவும், அதில் ஓரமாக ஒரு புள்ளி தெரிந்ததாகவும், கேமராவின் பழுது என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் எழுதி, மூன்றையும் இணைத்திருந்தார். கடைசி வரியில், 'கேட்டதற்கு நன்றி, என் படங்களை இதுவரை யாரும் கேட்டதில்லை' என்றிருந்தது.

வீட்டுத் தொலைநோக்கியில் எடுத்த படங்களை மலைத் தொலைநோக்கியின் படங்களோடு பொருத்துவது லேசில் நடக்கவில்லை. அளவு வேறு, கோணம் வேறு. மூன்று நாள் பிடித்தது. மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று புள்ளிகளும் வரைபடத்தில் விழுந்தன. கணினி ஊகித்து வரைந்திருந்த வளைவின் உச்சியில், கோட்டின்மேல்.

அரீபா பின்னாலிருந்து சிந்துஜாவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, நீங்க ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"நல்லாருக்கு," என்றாள் சிந்துஜா. உண்மையிலேயே நல்லாத்தான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒன்றைப் பார்த்து நல்லாருக்கு என்று சொல்வதுபோல் இருந்தது.

அன்று மாலை சிலம்பரசனிடம் சொன்னாள். அவன் ஐ.டி.ஐ. படித்தவன். அவள் வேலையைப் பற்றி மற்றவர்களைவிட நிறையக் கேட்டவனும் அவன்தான். வரைபடத்தைப் போனில் காட்டினாள். விரலை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"உச்சி என்னா தேதி?"

"பதினாலு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நம்மளுது ஒம்பது."

"ஆமா."

"அப்ப சம்பந்தமில்ல."

"இல்ல," என்றாள். அவனும் தன்னைப்போலவே கணக்குப் போட்டிருக்கிறான் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. எப்போது இவ்வளவு மெலிந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் சிலம்பரசன் வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கொளஞ்சி கறி வாங்கப் போயிருந்தாள். சிந்துஜா காப்பி கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே போகாமல் படியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க பாத்தீங்கல்ல?"

"என்னாத்த?"

"பாப்பாவ."

உப்புத்தாள் அவன் கையில் நின்றது. தெருவில் ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

"பாத்தேன்."

"முடி இருந்துச்சா?"

"நெறைய இருந்துச்சு. கறுப்பா, ஈரமா ஒட்டிக்கிட்டு. காது உங்கப்பா காது. அப்படியே வெளிய வளஞ்சு." அவன் பிளக்கையே பார்த்துக்கொண்டு பேசினான். "ரெண்டு கிலோ நூறுன்னாங்க. எனக்குக் கனமாத்தான் இருந்துச்சு. வலது கைய மூடி வச்சிருந்துச்சு. மாமா தொறந்து பாக்கலாம்னாரு, நான் வேணாம்னுட்டேன்."

"போட்டோ எடுத்தீங்களா?"

"இல்ல. அப்ப தோணல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு."

"சரி."

"எந்தத் துணியில சுத்துனீங்க?" என்று அவளே மறுபடி கேட்டாள்.

"உன் பச்சக்கலர் சால்வ. பையில இருந்துச்சு. நீ தேடுவன்னு நெனச்சேன்."

"தேடல," என்றாள். அந்தச் சால்வை இல்லாததை அவள் கவனிக்கவே இல்லை.

அவன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மசி கன்னத்தில் இழுபட்டது. "யாருமே எங்கிட்ட ஒண்ணும் கேக்கல சிந்து. கம்பெனியில கூட, உன் வொய்ஃப் எப்படியிருக்கான்னுதான் கேட்டானுங்க. நான்தான தூக்கிக்கிட்டுப் போனேன்."

சிந்துஜாவுக்கு அழுகை வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டாள், சொன்னான். எந்த மரத்துக்குப் பக்கத்தில் என்று கேட்டாள், சொன்னான். மழையில் மண் இறங்கியிருக்குமா என்று கேட்டாள். போன வாரமும் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். எத்தனை தடவை போயிருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. காப்பி ஆறிவிட்டது. எடுத்துக்கொண்டு போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்தாள்.

ஜனவரியில் இருவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். இறந்து பிறந்த குழந்தைக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதுவரை அதை வாங்க யாரும் போகவில்லை. மேசையிலிருந்த பெண் பதிவேட்டைப் புரட்டி, "ஒம்பது பதினொண்ணு, பெண். சரியா?" என்றாள். "சரி," என்றான் சிலம்பரசன். பெயருக்கு இடம் இல்லை. ஒரு பெயர் வைக்க நினைத்திருந்தோம் என்று சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவன் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்கும் கோப்பில் வைத்தார்கள்.

கட்டுரை மார்ச்சில் போயிற்று. மதிப்பிட்டவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்றவர், ஒரே ஒரு நிகழ்வை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, லென்ஸாக இருக்கலாம் என்று மட்டும் எழுதுங்கள் என்றார். வினோத்குமார் இரண்டு நாள் கோபமாக இருந்தார். சிந்துஜாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. குறுக்கே போனது எது என்று எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. 'இருக்கலாம்' என்ற சொல்லை ஆறு இடத்தில் சேர்த்தாள். அவளுடைய ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீண்டது.

ஜூலைக் கடைசியில், பிழை திருத்தி அனுப்புவதற்கான அச்சுப்படி வந்தது. அவள் பெயர் இரண்டாவது. வினோத்குமார் அதை எல்லோரிடமும் காட்டினார். கோவிந்தராசு ஜவுளிக்கடைவரைக்கும் ஒரு பிரதியைக் கொண்டுபோனார். கொளஞ்சி, "இது பேப்பர்ல வருமா?" என்று கேட்டாள். "வராது அத்தை," என்றதும், "பரவால்ல, வந்தவரைக்கும் நல்லது," என்று சொல்லிக் கையை முகத்துக்கு எதிரே சுற்றி நெற்றியில் சொடக்கினாள்.

பிழை பார்ப்பது சிந்துஜாவின் பொறுப்பு. முதல் பக்கத்தில் பேருந்து ஓட்டுநரின் பெயர் ஐந்தாவதாக இருந்தது. அதில் ஓர் எழுத்தின்மேல் இருக்க வேண்டிய சிறு கோடு விட்டுப்போயிருந்தது. அவருடைய பழைய கடிதத்தைத் திறந்து, அவர் தன் பெயரை எப்படி எழுதுகிறார் என்று சரிபார்த்தாள். திருத்தம் குறித்து அனுப்பினாள். பிறகு, அந்தப் பருவத்தின் முதல் படங்கள் மலையிலிருந்து வந்திருப்பதாக அரீபா சொன்னாள். சிந்துஜா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரைபடத்தைத் திறந்தாள். பழுது. அடுத்தது.